கீசரைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கேள்வி: எங்கள் வீட்டு 25 லிட்டர் கீசருக்கு 11 வயது. தண்ணீர் முழுக்க போர்தான். ஒரு மாதமாக அதைப் போட்டால் சில நாள் வீடு மொத்தமும் ட்ரிப் ஆகிறது. சுடுதண்ணீர் லேசான செம்மண் நிறத்தில் வருகிறது. அடியில் சொட்டவும் செய்கிறது. அரை மணியில் காய்ந்த தண்ணீர் இப்போது முக்கால் மணி எடுக்கிறது. காயில், தெர்மோஸ்டாட் மாற்றி, டேங்கைச் சுத்தம் செய்ய எலக்ட்ரீஷியன் 3,200 ரூபாய் கேட்கிறார். கடையில் பழையதை எடுத்துக்கொண்டு புதிய 25 லிட்டரை 10,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். கணவர் புதிது என்கிறார். மாமியாரோ, "எங்க வீட்டு செம்பு பாய்லர் நாப்பது வருஷம் உழைச்சுது, இதுக்கு என்ன கேடு?" என்கிறார். பக்கத்து வீட்டில் காஸ் கீசர் மாட்டச் சொல்கிறார்கள். நாங்கள் மூன்று பேர், பக்கெட் குளியல்தான். எதைச் செய்வது?
- ஒரு வாசகி, சேலையூர்

பதில்:

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் கீசரின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். யார் என்ன சொன்னாலும், பழுது பார்த்து முடியும்வரை அதைத் திரும்பப் போட வேண்டாம்.

வீடு மொத்தமும் ட்ரிப் ஆகிறது என்றால் மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச், விழுகிறது என்று அர்த்தம். உள்ளே காயிலின் மேல் உப்பு கனமாகப் படிந்தால், அதன் சூடு தண்ணீருக்கு இறங்க முடியாமல் காயிலே அளவுக்கு மீறிக் காய்கிறது. ஒரு கட்டத்தில் மேலுறை வெடித்து, தண்ணீர் உள்ளே கசிந்து, கரன்ட் வெளியே கசிகிறது. வீடுகளில் மாட்டும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடும். ஒரு மாதமாக அது தொந்தரவு செய்யவில்லை, உங்கள் மூவரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. "அடிக்கடி விழுது மேடம், கீசர் லைனை மட்டும் டைரக்டா கொடுத்துடறேன்" என்று யாராவது சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். தண்ணீர் காய்ந்ததும் கரன்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு டைரக்ட் கொடுப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். சூடு நிற்காமல் ஏறி, டேங்க் வெடிக்கும் அளவுக்குப் போகலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழுதுச் செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப் போடு என்று ஒரு கணக்கு ஊரில் புழங்குகிறது. கீசருக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. வயதும் பெரிய விஷயமில்லை. கீசரில் காயில், தெர்மோஸ்டாட், வால்வ், வாஷர் எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதது டேங்க் ஒன்றுதான். டேங்க் நன்றாக இருந்தால் 15 வயது கீசருக்குக்கூட தாராளமாகச் செலவு செய்யலாம். டேங்க் போயிருந்தால் ஐந்நூறு ரூபாய் போட்டாலும் தண்டம். ஆகவே நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் டேங்கின் கதையை மட்டும்தான்.

நிறத்தை வைத்து ஆரம்பியுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன், இரண்டு வெள்ளைப் பாத்திரங்கள் எடுத்து, ஒன்றில் சாதாரணக் குழாய்த் தண்ணீர், மற்றதில் கீசர் குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். கீசரைப் போட வேண்டியதில்லை, உள்ளே தேங்கியிருப்பது வந்தால் போதும். இரண்டும் ஒரே மாதிரி சிவந்திருந்தால் கோளாறு போரில் உள்ள இரும்புச் சத்திலோ மாடித் தொட்டியிலோ இருக்கிறது, கீசர் பாவம். கீசர் தண்ணீர் மட்டும் சிவந்தால் உள்ளே துரு. சுவருக்குள் பழைய இரும்புக் குழாய் ஓடும் வீடாக இருந்தால் துரு அதிலிருந்தும் வரலாம். அப்போது கீசரின் வெளிக் குழாயைக் கழற்றி நேராகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சொட்டு. அது எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பாதித் தீர்ப்பு அதில்தான் இருக்கிறது. தண்ணீர் காய்ந்தால் விரியும். 25 லிட்டர் 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் கூடும். அந்த அழுத்தத்தை சேஃப்டி வால்வ் வெளியே விடும். ஓடும்போது மட்டும் வால்விலிருந்து ஒன்றிரண்டு டம்ளர் சொட்டினால் அது பழுதே இல்லை. அதைச் சிலர் அடைத்துவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. குழாய் மாட்டிய இடத்தில் சொட்டினால் வாஷரோ ஹோஸோ போதும். காயில் மாட்டிய தட்டைச் சுற்றிக் கசிந்தால் அதன் அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது கேஸ்கெட்டை, மாற்றினால் போதும். ஆனால் கீசரை அணைத்து, ஆறிய பிறகும் பிளாஸ்டிக் மூடியின் ஓரமாக, எங்கிருந்து என்று பிடிபடாமல் பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால், டேங்கில் ஓட்டை விழுந்திருக்கிறது.

தண்ணீர் காய நேரமாவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காயில் ஓடும், அல்லது ஓடாது. வயதாகித் தளர்வது அதன் வழக்கமில்லை. உப்புக் கூட்டுக்குள் மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் சில சமயம் முன்கூட்டியே அணைந்து அணைந்து எரியும். இன்னொரு காரணம் வோல்டேஜ். 230 வோல்ட் 200-க்கு இறங்கினால் 2,000 வாட் காயில் சுமார் 1,500 வாட் வேலைதான் செய்யும்.

இனி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழுது பார்க்க அல்ல, திறந்து காட்ட. கரன்டைத் துண்டித்து, தண்ணீரை வடித்து, அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றினால் காயிலோடு ஒரு கம்பியும் சேர்ந்து வரும். அது மெக்னீசியக் கம்பி. ஆனோடு என்பார்கள். எஃகு டேங்கைத் தின்ன வரும் துரு முதலில் இதைத் தின்னட்டும் என்று வைத்திருப்பது. புதிதில் விரல் கனத்தில் இருக்கும். போர் தண்ணீரில் இரண்டு மூன்று வருடத்தில் கரைந்து, நடுவில் ஒல்லியான கம்பி மட்டும் மிஞ்சும். அதன் பிறகு டேங்கின் முறைதான். 11 வருடத்தில் அதை ஒருமுறையாவது மாற்றினீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லாததால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். திறந்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எனாமல் பூச்சு வழவழவென்று இருந்து, அடியில் வெள்ளை உப்புத் தூள் மட்டும் கிடந்தால் காயில், தெர்மோஸ்டாட், ஆனோடு, கேஸ்கெட் நான்கையும் மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். பூச்சு உரிந்து, வெல்டிங் ஓரங்களில் செங்கல் நிறத்தில் செதில் செதிலாக இருந்தால் அப்படியே மூடச் சொல்லி, வந்ததற்கான கூலியைக் கொடுத்து அனுப்புங்கள்.

திறக்காமலே 3,200 சொன்ன அந்த மதிப்பீடு எனக்குப் பிடிக்கவில்லை. குறிப்பாக 'டேங்க் சுத்தம்'. துருப்பிடித்த டேங்கில் சில நேரம் பொத்தல்களை அடைத்துக்கொண்டிருப்பதே அந்த உப்புதான். ஆசிட் ஊற்றி அதைக் கரைத்தால் மறுநாள் ஒழுக ஆரம்பிக்கும். அவர் "நான் கை வைக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்பார், நீங்கள் "கை வைச்ச பிறகுதானே ஒழுகுது" என்பீர்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால், உங்கள் டேங்க் முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். போர் தண்ணீர், கவனிக்காத ஆனோடு, செந்நிறம், சொட்டு நான்கும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. கணவர் ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் சொன்னதிலும் பொய்யில்லை. அந்தப் பாய்லர் கனத்த செம்பு, துருப்பிடிக்காது. நடுக்குழாயில் கொட்டாங்கச்சி எரியும், மேலே திறந்தே கிடக்கும், அழுத்தம் என்ற பேச்சே கிடையாது. பொத்தல் விழுந்தால் பாத்திரக்காரர் பற்றவைத்துக் கொடுப்பார். கீசர் டேங்க் அப்படியல்ல. வெளியிலிருந்து வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் உள்பூச்சு வெடித்து, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே துரு ஏறும். இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பழைய பாய்லர் இன்னும் பரணில் இருந்தால் விற்றுவிடாதீர்கள்.

புதிது வாங்கும்போது 25 லிட்டர் வேண்டாம், உங்களுக்கு 15 போதும். 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை நம் ஊர்க் குழாய்த் தண்ணீரோடு குளிக்கும் பதத்துக்குக் கலந்தால் சுமார் 40 லிட்டர் வரும். அது இரண்டு பக்கெட். மூன்றாமவர் இருபது நிமிடம் பொறுத்தால் அவருக்கும் ஆயிற்று. விலையும் குறைவு. 25 லிட்டரைக் காய்ச்ச கிட்டத்தட்ட ஒரு யூனிட், 15-க்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் புதுசு மாட்டினால் கரன்ட் பில் பாதியாகும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். பழையதோ புதியதோ, அதே அளவு தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவர அதே கரன்ட்தான் வேண்டும். ஸ்டார் கூடினால் சும்மா இருக்கும்போது வெளியேறும் சூடு குறையும், அவ்வளவே. காய்ந்ததும் அணைத்துவிடும் வீட்டில் அது பெரிய தொகை இல்லை.

ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். டேங்குக்கு எத்தனை வருட வாரன்டி என்று தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் அது மட்டும்தான். அட்டையில் கடின நீர் பற்றி நிபந்தனை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மாட்டும்போது அடியில் ஆனோடு கம்பியை உருவி எடுக்க இடம் விடச் சொல்லுங்கள். இடமில்லாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கீசரையே இறக்க வேண்டும், அப்புறம் யாரும் செய்ய மாட்டார்கள். சூட்டை முழுதாகத் திருகி வைக்காமல் 55 அளவில் வைத்தால் உப்புப் படிவது குறையும். உங்கள் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை ஆனோடைப் பார்க்க வேண்டும். புதிய கீசரின் பிளக்கை பழைய சாக்கெட்டில் அப்படியே சொருகிவிடாதீர்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டின் துளை ஓரம் பழுப்பாகவோ உருகியோ இருந்தால் அதையும் மாற்றி, எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

காஸ் கீசர் பற்றி ஒரே வார்த்தை: குளியலறைக்குள் வேண்டாம். அது எரிய அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் எடுத்துக்கொள்ளும். கதவைச் சாத்தி, ஜன்னலையும் அடைத்துக் குளிக்கும்போது காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனை கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாது. அப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் அதை மாட்டியிருப்பது குளியலறைக்குள் என்றால், வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றச் சொல்லி அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.