உங்களுக்கென்றே ஒரு கிளைமாக்ஸ்

(சென்ற இதழில், ஒவ்வொரு ரசிகருக்கும் ஏற்றபடி படத்தை மாற்றித் தரும் தொழில்நுட்பம் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். எனவே இந்த முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை. வழக்கம்போல் கேட்டவர்களின் பெயர் இல்லை, ஊர் மட்டும்.)

ஐயா, எங்கள் வீட்டு நெட்பிளிக்ஸ் கணக்கில் எனக்கும் மகளுக்கும் தனித்தனிப் பக்கம். ஒரே படத்துக்கு என் பக்கத்தில் துப்பாக்கியுடன் நாயகன் நிற்கிறான். அவள் பக்கத்தில் காதலர்கள் நெருங்கி நிற்கிறார்கள். படத்தையே வெட்டி ஒட்டி மாற்றிக் காட்டுகிறார்களா?
– கூட்டுறவு வங்கி ஊழியர், கும்பகோணம்

படம் ஒன்றுதான். போஸ்டர்தான் வேறு. 2017 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே இதை விளக்கி எழுதினார்கள். அவர்கள் சொன்ன உதாரணம் 'குட் வில் ஹண்டிங்'. காதல் படங்களை அதிகம் பார்ப்பவருக்கு மாட் டேமனும் மின்னி டிரைவரும் இருக்கும் போஸ்டர். நகைச்சுவையை அதிகம் பார்ப்பவருக்கு ராபின் வில்லியம்ஸ்.

ஒரு படத்துக்குப் பல போஸ்டர்களைத் தயாராக வைத்துக்கொள்வார்கள். முதலில் சிலருக்கு இன்னது என்றில்லாமல் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். யார் எதைத் தொட்டார், தொட்டபின் உட்கார்ந்து பார்த்தாரா அல்லது உடனே வெளியேறினாரா என்றெல்லாம் கணக்கு சேரும். சேர்ந்த பிறகு உங்களுக்குத் துப்பாக்கி, மகளுக்குக் காதல்.

இதில் கெட்ட பெயரும் வாங்கினார்கள். சில நிமிடங்களே தலைகாட்டும் கறுப்பின நடிகர்களைப் போஸ்டரில் முன்னிறுத்தித் தங்களை ஏமாற்றுவதாக 2018இல் அமெரிக்கக் கறுப்பின ரசிகர்கள் கொதித்தார்கள். 'நாங்கள் யாரிடமும் இனம் கேட்பதில்லையே' என்றது நிறுவனம். கேட்கவில்லைதான். பார்த்த படங்களின் பட்டியல் கையில் இருக்கும்போது கேட்டுத்தான் தெரியவேண்டுமா?

சண்டைக்கு ஒரு போஸ்டர், தாலிக்கு ஒரு போஸ்டர் என்று ஒரே படத்துக்கு இரண்டு விதமாக ஒட்டுவது நமக்கும் பழக்கமானதுதான். ஆனால் இரண்டும் தெருச்சுவரில் இருந்தன. உங்கள் மகளின் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்பது நீங்கள் அவள் கைபேசியை எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரிவதில்லை. இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது?
– கணினிப் பிரிவு மாணவர், சிவகாசி

உங்களை அதற்குத் தெரியாது, தம்பி. உங்களைப் போலவே மதிப்பெண் போட்ட ஆயிரம் பேரைத் தெரியும்.

2006 அக்டோபரில் நெட்பிளிக்ஸ் ஒரு போட்டி அறிவித்தது. 17,770 படங்களுக்கு 4,80,189 பேர் போட்ட பத்துக் கோடிக்கும் அதிகமான நட்சத்திர மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. தன்னிடமிருந்த கணிப்பு முறையைவிடப் பத்து சதவீதம் சரியாகக் கணிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. உலகெங்கும் கணக்குப் புலிகள் மூன்றாண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2009இல் முடிவு வந்தபோது இரண்டு அணிகள் சரிசமம். ஏறத்தாழ இருபது நிமிடம் முன்னதாக விடையை அனுப்பிய அணிக்கே பரிசு. தாமதமாக வந்தால் டைட்டில் போய்விடும் என்பது சினிமாவுக்கு மட்டுமல்ல.

அந்தப் போட்டியில் புகழ்பெற்ற உத்தி ஒன்றுண்டு. ஒவ்வொரு படத்துக்கும் சில எண்கள், ஒவ்வொரு ரசிகருக்கும் சில எண்கள். இது அழுகைப் படம், இது அடிதடி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இருக்கிற மதிப்பெண்களோடு பொருந்தும்படி எண்களைக் கணினியே திருத்தித் திருத்திக் கண்டுபிடிக்கிறது. பிறகு உங்கள் எண்களையும் படத்தின் எண்களையும் ஒன்றுக்கொன்று பெருக்கிக் கூட்டினால், நீங்கள் இன்னும் பார்க்காத படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவீர்கள் என்ற ஊகம் கிடைக்கும். 'நெப்போலியன் டைனமைட்' என்றொரு நகைச்சுவைப் படம் மட்டும் எல்லோரையும் அலைக்கழித்தது. அதைப் பார்த்தவர் ஒன்று தலையில் வைத்து ஆடினார், அல்லது தூக்கி எறிந்தார். முன்னால் எதைப் பார்த்திருந்தார் என்பதைக் கொண்டு எந்தக் கட்சி என்று சொல்லவே முடியவில்லை. எனக்கு அந்தப் படத்தின் மேல் தனி மரியாதை.

வென்ற முறையை நிறுவனம் முழுதாகப் பயன்படுத்தவே இல்லை. 2017இல் நட்சத்திரங்களையும் எடுத்துவிட்டுக் கட்டைவிரல் சின்னம் வைத்தது. காரணம் மனித சுபாவம். கனமான ஆவணப்படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, இரவு பத்து மணிக்கு வேறு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பெயர் நீக்கிய அந்தப் பட்டியலை, மக்கள் ஐ.எம்.டி.பி. என்ற சினிமாத் தகவல் தளத்தில் பகிரங்கமாக எழுதியிருந்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டு, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் சிலரை இன்னார் என்று அடையாளம் கண்டுவிட்டார்கள். வழக்கு வந்தது. திட்டமிட்டிருந்த இரண்டாவது போட்டியை 2010இல் கைவிட்டார்கள். ஊரும் தொழிலும் போட்டால் மட்டும் என்னைக் கண்டுபிடிக்க மாட்டார்களா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள்.

ரசிகர்களே கதையை முடிவுசெய்யும் படம் வந்ததுண்டா?
– பள்ளி ஆசிரியை, புதுச்சேரி

உண்டு, கணினி இல்லாமலேயே. 1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சி. செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் ராதுஸ் சின்ச்செரா என்பவர் உருவாக்கிய 'கினோஆட்டோமாட்'. 127 இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். நோவாக் என்ற மனிதர் வீட்டில் இருக்கிறார். மனைவி வரும் நேரம். பக்கத்து வீட்டு இளம்பெண் துண்டு மட்டும் கட்டியபடி கதவு பூட்டிக்கொண்டு வெளியே மாட்டிக்கொள்கிறாள். அவளை உள்ளே விடலாமா? படம் நிற்கும். தொகுப்பாளர் மேடைக்கு வந்து கேட்பார். கூட்டம் பொத்தானை அழுத்தும். எந்தக் கட்சிக்கு ஓட்டு அதிகமோ அந்தக் காட்சி ஓடும்.

எடிட்டிங் அறையில் காலம் கழித்தவனுக்கு இதில் பிடித்தது பின்னால் நடந்த வேலைதான். இரண்டு புரொஜெக்டர்கள் இரண்டு விதக் காட்சிகளையும் சேர்ந்தாற்போல ஓட்டிக்கொண்டிருக்கும். ஓட்டு முடிவு தெரிந்ததும் ஆபரேட்டர் தோற்ற பக்கத்து லென்ஸை மூடிவிட்டு ஜெயித்த பக்கத்தைத் திறப்பார். அவ்வளவுதான் தொழில்நுட்பம்!

ஒன்பது இடங்களில் இப்படி ஓட்டெடுப்பு. ஒவ்வொரு முறையும் கதை உண்மையிலேயே இரண்டாகப் பிரிந்துகொண்டே போனால் கடைசியில் 512 முடிவுகள் எடுத்து வைத்திருக்கவேண்டும். எந்தத் தயாரிப்பாளர் தாங்குவார்? சின்ச்செரா தந்திரசாலி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதை சுற்றிக்கொண்டு அடுத்த ஓட்டெடுப்புக்கே வந்து சேரும்படி கட்டியிருந்தார். நீங்கள் சிவப்பை அழுத்தினாலும் பச்சையை அழுத்தினாலும் கட்டடம் தீப்பிடித்து எரியத்தான் செய்யும். ஓட்டுப் போடுவது பற்றிய கிண்டல் அது என்று பார்த்தவர்களில் பலர் சொன்னார்கள். சொந்த நாட்டு அரசும் பின்னாளில் படத்தை முடக்கிவைத்தது.

2018 டிசம்பர் 28 அன்று நெட்பிளிக்ஸ் வெளியிட்ட 'பேண்டர்ஸ்னாட்ச்' இதன் பேரன். அதில் முதல் கேள்வியே நாயகன் காலையில் எந்தத் தானியத்தைச் சாப்பிட வேண்டும் என்பது. நாம் அழுத்திய விடைகளை நிறுவனம் குறித்து வைத்திருந்தது. ஐரோப்பியச் சட்டப்படி தன் தகவலைக் கேட்டு வாங்கிய ஓர் ஆய்வாளர் மூலம் அது வெளியே வந்தது. 2025 மே மாதம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டார்கள். என் கணிப்பு இது: வேலை முடித்து வந்து சாய்ந்தவனிடம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'அடுத்து என்ன செய்யட்டும்?' என்று கேட்டால், அவன் தூங்கப் போய்விடுவான்.

'அம்பிகாபதி' படத்தின் முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி தனுஷைப் பிழைக்கவைத்தார்களே, எனக்குப் பிடித்திருந்தது. சோகம் தாங்காத என்னைப் போன்றவர்களுக்கு ஒரு முடிவு, உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு முடிவு என்று இருந்தால் யாருக்கு நஷ்டம்?
– ஜவுளிக்கடை உரிமையாளர், மதுரை

உங்களுக்குப் பிடித்ததில் தவறில்லை. நாயகன் பிழைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். 2013இல் ஆனந்த் எல். ராய் இயக்கிய 'ராஞ்சனா' இந்திப் படத்தின் தமிழ் வடிவம் 'அம்பிகாபதி'. மூலத்தில் நாயகன் ஆஸ்பத்திரியில் இறக்கிறான். 2025 ஆகஸ்டில் உரிமை வைத்திருக்கும் ஈரோஸ் நிறுவனம் தமிழ் வடிவத்தை மறுவெளியீடு செய்தபோது அவன் கண் விழிக்கிறான். இயக்குநரைக் கேட்கவில்லை. அவரும் தனுஷும் கடுமையாகக் கண்டித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தான் ஒப்புக்கொண்ட படம் இதுவல்ல என்றார் தனுஷ்.

சாகும் தறுவாயில் அவன் மனத்துக்குள் பேசுகிற அந்த நீண்ட பேச்சை நினைத்துப் பாருங்கள். எழுந்திருக்கலாம், ஆனால் யாருக்காக எழுவது என்பதுதான் அதன் சாரம். இவ்வளவையும் பேசிவிட்டு அவன் எழுந்து உட்கார்ந்தால் அந்தப் பேச்சு என்னாவது? படத்தின் முடிவு கடைசி ரீலில் மட்டும் இருப்பதில்லை.

நான் எடிட் செய்த ஒரு கிராமத்துக் கதையில் நாயகி இறப்பதை விநியோகஸ்தர்கள் ஏற்கவில்லை. ஒரு நாள் கூடுதல் படப்பிடிப்பில் அவள் பிழைத்துவிட்டாள். நான் மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். நாலாவது ரீலில் அவள் தன் புடவைகளைத் தங்கைக்கு எடுத்துக் கொடுக்கும் காட்சி. அவள் சாகப்போகிறாள் என்பதற்காக வைத்தது. இப்போது கிறுக்குத்தனமாக இருந்தது, வெட்டினோம். அதை வெட்டியதும் தங்கை அந்தப் புடவையோடு ஆடும் பாட்டுக்கு அர்த்தம் இல்லை. பாட்டை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. கடைசிவரை தியேட்டரில் அந்தப் புடவை எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு முடிவு வைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1998இல் மலையாளத்தில் பாசில் 'ஹரிகிருஷ்ணன்ஸ்' எடுத்தபோது சில தியேட்டர்களில் நாயகி மம்முட்டிக்கு, வேறு சிலவற்றில் மோகன்லாலுக்கு. இரு தரப்பு ரசிகர்களும் குஷி. ஆனால் இரண்டையும் எடுத்தது அதே இயக்குநர், நடித்தது அதே நடிகர்கள்.

சட்டம் இயக்குநருக்கு அவ்வளவு ஆதரவாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்தான். எனவே நஷ்டம் யாருக்கு என்ற உங்கள் கேள்விக்குப் பதில், பணக் கணக்கில் யாருக்கும் இல்லை. மாற்றியவர்கள் படத்தின் தொடக்கத்திலேயே 'இந்த முடிவு இயக்குநருடையது அல்ல' என்று பெரிய எழுத்தில் போட்டு, பழைய முடிவும் கிடைக்கும்படி வைத்தால் எனக்குப் பாதிச் சண்டை தீரும். மீதிப் பாதி தீராது.

குழந்தைகளோடு பார்க்கும்போது கெட்ட வார்த்தையையும் ரத்தத்தையும் மட்டும் நீக்கிக் காட்டும் வசதி உண்டா?
– இல்லத்தரசி, ஈரோடு

அமெரிக்காவில் உண்டு, அம்மா. வீட்டில் பார்ப்பவர் தன் விருப்பப்படி சில நொடிகளைத் தாண்டவும் ஒலியை அடக்கவும் 2005இல் சட்டமே அனுமதித்தது. 'கிளியர்ப்ளே' என்ற நிறுவனம் அந்த வழியில் நடந்தது. மூலப்படத்தை யாரும் தொடுவதில்லை, எந்த நொடியைத் தாண்டுவது என்ற குறிப்பு மட்டும் தனியாக வருகிறது. 'விட்ஏஞ்சல்' என்ற இன்னொரு நிறுவனம் பூட்டை உடைத்துப் படத்தை நகல் எடுத்துத் தானே ஒளிபரப்பியது. டிஸ்னியும் வார்னரும் வழக்குப் போட்டு, 2019இல் 6 கோடி டாலருக்கும் மேல் இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கினார்கள். நம் வீடுகளில் இந்த வேலைக்கு ரிமோட்டைக் கையில் வைத்திருக்கும் அப்பா ஒருவர் போதும்.

என் முகத்தையே நாயகன் முகமாக வைத்துப் படம் தருவார்களாமே?
– சேலம்

2019இல் சீனாவில் 'ஜாவோ' என்ற செயலி வந்தது. ஒரு புகைப்படம் கொடுத்தால் புகழ்பெற்ற படக் காட்சிகளில் உங்கள் முகம். ஓரிரு நாளில் நாடே அதில் நடித்தது. பிறகுதான் நிபந்தனைகளைப் படித்து, முகத்தின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று அலறினார்கள். உங்கள் விருப்பம்.

பேரன் என் பக்கத்தில் நுழைந்து பார்த்ததால் எனக்கு எப்போதும் கார்ட்டூனாகவே பரிந்துரைக்கிறது. விமோசனம் உண்டா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகர்கோவில்

நெட்பிளிக்ஸ் என்றால், கணினியில் கணக்குப் பகுதிக்குப் போய் உங்கள் பெயரிலுள்ள பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பார்த்தவற்றின் பட்டியல் அங்கே தேதிவாரியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மறைக்கும் சின்னம் உண்டு. கார்ட்டூன்களை எல்லாம் மறைத்துவிடுங்கள். ஒரு நாளுக்குள் சரியாகும். பேரனுக்குத் தனிப்பக்கம் திறந்து கொடுங்கள், இல்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி முதலிலிருந்து.