தூக்கத்தில் சொன்ன ஒரு ‘ம்’

கேள்வி: அக்கா, கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலைப் பக்கம் புதிதாக வீடு கட்டி, போன தை மாதம் குடிவந்தோம். அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், மூன்று ஷிஃப்ட். நான் தனியார் பள்ளியில் டீச்சர். வந்த நாளிலிருந்து வீட்டில் எதுவும் நேராக நடக்கவில்லை. மாசியில் ஒருநாள் விடியற்காலை நாலரைக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, “பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டார். தூக்கத்தில் ‘ம்’ என்றேன். ஏழு மணிவரை டேங்க் வழிந்து, பக்கத்து வீட்டம்மா மாடியில் காயப்போட்டிருந்த ஒரு வருஷத்துப் புளியெல்லாம் ஊறி, மாடி முழுக்க ரசமாக ஓடியது. அப்புறம் வடைக்குப் பருப்பு அரைக்கும்போது மிக்ஸி நின்றுவிட்டது. மொத்தமாகப் பிரித்துவிட்டார். திரும்ப மாட்டியபோது ஒரு திருகும் ஒரு ஸ்பிரிங்கும் மிச்சம். பங்குனியில் வாஷிங் மெஷின். வீடு மாற்றும்போது பின்னால் போல்ட் போட்டு டிரம்மை இறுக்கியிருந்தார். குழாய் இணைப்பு கொடுத்ததும், எடுத்திருப்பார் என்று நினைத்து, மெஷினைப் போட்டுவிட்டு நான் பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன். அது குதித்துக் குதித்து நகர்ந்து, நைட் ஷிஃப்ட் முடிந்து இவர் குளித்துக்கொண்டிருந்த பாத்ரூம் வாசலை அடைத்து நின்றுவிட்டது. துண்டோடு கத்தி, அந்தப் புளி அம்மாவே வந்துதான் காப்பாற்றினார். போன மாதம் காவேரிப்பட்டினத்தில் என் அண்ணி வளைகாப்பில் இதைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து பன்னிரண்டு நாளாக இவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. சிரித்தது தப்பா? இவரை எப்படித் திருத்துவது? அடுத்து கேஸ் அடுப்பில் கை வைக்கப்போகிறாராம்.
— பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

பதில்:

தங்கச்சி, நீங்கள் எழுதியது மூன்று பக்கம், இடத்துக்காக நான்தான் சுருக்கினேன். மெஷின் பாத்ரூம் வாசலில் வந்து நின்ற இடத்தில் எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அதிலும், புளியை இழந்த அம்மா உடனே உதவிக்கு ஓடிவராமல் வாசலிலேயே நின்று, “யாரு, மோட்டார் போடுற தம்பியா?” என்று கேட்டாராம் பாருங்கள், அந்த வரிக்காக அவருக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாம்.

இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். நீங்கள் வரும் இடத்தில் மட்டும் அடிக்கோடு போட்டேன். மூன்று பக்கத்துக்கு மூன்றே கோடு. ‘தூக்கத்தில் ம் என்றேன்.’ ‘எடுத்திருப்பார் என்று நினைத்து.’ மூன்றாவதை இங்கே சுருக்கும்போது விட்டுவிட்டேன், ‘கடலைப்பருப்பைக் கொஞ்சம் நிறையப் போட்டேன் போல.’ மற்ற எல்லா வரியிலும் அவர்தான். டேங்க் வழிந்ததும் அவரால், மெஷின் நடந்ததும் அவரால், மிக்ஸி நின்றதுகூட அவரால் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றும்படி எழுதியிருக்கிறீர்கள். வளைகாப்பிலும் இப்படித்தான் சொல்லியிருப்பீர்கள், நன்றாகவும் சொல்லியிருப்பீர்கள், டீச்சர் ஆயிற்றே. அந்தக் கதையில் ‘ம்’ இருந்ததா என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்.

எனக்கு இது ஏன் உறைக்கிறது என்றால், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் நாங்கள் தர்மபுரியில் குமாரசாமிப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் குக்கரில் அரிசிப் பாத்திரத்தை அவர் வைத்தார், மூடி போட்டு அடுப்பை நான் பற்ற வைத்தேன். குக்கருக்கு அடியில் ஊற்றவேண்டிய தண்ணீரை நான் ஊற்றியிருப்பேன் என்று அவரும், அவர் ஊற்றியிருப்பார் என்று நானும். விசில் வரவில்லை, பேச்சு சுவாரசியத்தில் அதை இரண்டுபேரும் கவனிக்கவும் இல்லை. கடைசியில் வந்தது தீய்ந்த வாடை. தண்ணீரில்லாமல் சூடு ஏறினால் மூடியில் இருக்கிற சேஃப்டி வால்வின் நடுவில் உள்ள உலோகம் உருகி வழிவிடும், அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அது தன் வேலையைச் செய்தது. குக்கர் அடி நீலம்பாரித்து, கேஸ்கட் பொசுங்கி, அரிசி கரிந்து. சரி, போகட்டும். அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் சொல்லிவந்த கதை, “இவ தண்ணியே ஊத்தாம குக்கர் வெச்சவ.” மாப்பிள்ளை முதல்முறை வீட்டுக்கு வந்த அன்றும் சொன்னார். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், சிரித்துக்கொண்டே உள்ளே போய் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகப் போடுவேன்.

அதனால் உங்கள் வீட்டுக்காரர் பன்னிரண்டு நாளாகப் பாத்திரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் வாசலை அடைத்ததைச் சொன்னதற்காகக் கோபம் இல்லை. ஃபிட்டர் வேலை பார்க்கிற ஆளை, அதுவும் உங்கள் பிறந்த வீட்டு ஆட்கள் நடுவில், ஒரு போல்ட் கழற்றத் தெரியாதவராக நிறுத்திவிட்டீர்கள். அதுதான் குத்துகிறது.

இனி திருத்துவது பற்றி. திருத்தவேண்டியது அவரை இல்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் கவனக்குறைவு கிடையாது. இரண்டு ஷிஃப்ட் இருக்கிறது, ஷிஃப்ட் ஒப்படைப்பு இல்லை, அவ்வளவுதான். ஒருவர் எழும்போது ஒருவர் தூங்குகிறீர்கள், ஒருவர் வரும்போது ஒருவர் கிளம்புகிறீர்கள், நடுவில் வீட்டை ஓட்டுவது ‘அவர் பார்த்திருப்பார்’ என்கிற ஒரு மூன்றாவது ஆள்.

இதில் வேடிக்கை, இதற்கு மருந்து உங்கள் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கிறது. கம்பெனியில் ஒரு மெஷினைப் பழுது பார்க்கும் முன் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். லாக் அவுட், டேக் அவுட் என்று சொல்வார். மெயின் சுவிட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதின அட்டையைத் தொங்கவிட்டுத்தான் உள்ளே கை வைப்பார்கள். போட்டவர்தான் எடுக்கவேண்டும். நேரமாகிறது, புரொடக்‌ஷன் போகிறது என்று மேலதிகாரி கத்தினாலும் இன்னொருவர் அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருகிறவரிடம் நேரில் சொல்லி, புத்தகத்திலும் எழுதிவிட்டுத்தான் வெளியே வருவார்கள். தூக்கத்தில் சொன்ன ‘ம்’ அங்கே செல்லாது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இவ்வளவு ஒழுங்காக இருக்கிற மனுஷர் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றி வைத்துவிடுகிறார் என்றால், ஒருவேளை வீட்டில் அதை யாரும் கேட்டதில்லையோ என்னவோ.

கேளுங்கள். சாக்லேட் டப்பா அட்டையில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றில் அவர் பெயர், ஒன்றில் உங்கள் பெயர், மேலே நூல். மோட்டாரைப் போடுகிறவர் தன் அட்டையை சுவிட்சில் மாட்டவேண்டும், மாட்டினவர்தான் அணைக்கவேண்டும். டேங்க் நிரம்பும் முன் பஸ் வந்துவிட்டால் அணைத்துவிட்டுக் கிளம்பட்டும். இல்லையென்றால் கண் திறந்திருக்கிற ஒரு ஆளின் கையில் அந்த அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். கண் திறந்திருக்கவேண்டும் என்பதை அட்டையிலேயே எழுதிவிடுங்கள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் நூல் கட்டின பேனாவோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. ‘குழம்புக்கு உப்பு போட்டாச்சு’ என்பதுவரை அதில் வரலாம். (அவரைக்கொட்டைக் குழம்புக்கு இரண்டுபேரும் உப்பு போட்ட கதையையும் எழுதியிருந்தீர்கள், களியில் உப்பில்லாததால் தப்பித்தீர்கள். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது குழம்புத் தண்ணீரைக் குடிக்கும், மிச்சக் குழம்பு அதே கரிப்போடுதான் இருக்கும். வெந்த கொட்டையும் வெந்நீரும் சேர்த்துப் பெருக்குவதுதான் வழி, இரண்டு நாளைக்குக் குழம்பு ஓடும்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்க் காலியாக இருக்கும்போது மோட்டாரைப் போட்டு, நிரம்ப எத்தனை நிமிஷம் என்று இரண்டுபேரும் மாடியில் உட்கார்ந்து பாருங்கள். அந்த நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போனில் அலாரம். நிரம்பியதும் தானே நிற்கிற கருவி வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். தண்ணீருக்குள் கம்பி விடுகிற சென்சார் நம் பக்கத்து போர் தண்ணீரில் சீக்கிரம் வெள்ளை பூத்துவிடும், குழாய் வாயிலும் ஹீட்டர் கம்பியிலும் படிகிற அதே உப்புதான். படிந்தால் நிரம்பினாலும் அதற்குத் தெரியாது. மிதவை சுவிட்ச் இந்தத் தண்ணீருக்குக் கொஞ்சம் தாங்கும், அதையும் டேங்க் கழுவும்போதெல்லாம் ஆட்டிப் பார்த்துவிடவேண்டும்.

மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் பாதிக் கடிதம் மிச்சம். அடியில் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு. பாரம் தாங்காதபோது அது தானாக வெளியே தள்ளி மின்சாரத்தை நிறுத்தும், மோட்டார் எரியாமல் இருக்க. பிளக்கைப் பிடுங்கி, ஜாரில் பாதிப் பருப்பை எடுத்துவிட்டு, பத்து நிமிஷம் ஆறவைத்து அந்தப் பொத்தானை அழுத்தினால் ஓடும். அன்று நடந்தது அநேகமாக இதுதான். இது உங்கள் இரண்டுபேருக்கும் தெரியவில்லை என்பதில் மட்டும் நீங்கள் மனமொத்த தம்பதி. மிச்சமான திருகும் ஸ்பிரிங்கும் மாட்டாத மிக்ஸியை இப்போதைக்கு ஓட்டாதீர்கள், கடையில் கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் சிரித்தால் பருப்பு போட்டது நான் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேஸ் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். பர்னரைக் கழற்றிக் கழுவட்டும், ரெகுலேட்டரிலும் குழாயிலும் கை வைக்கவேண்டாம், அதற்கு ஏஜென்சி ஆள் இருக்கிறார். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். அங்கே அட்டையெல்லாம் வேண்டாம், யார் முதலில் முகர்கிறார்களோ அவர்கள் வேலை.

பக்கத்து வீட்டம்மாவுக்குப் புளி திருப்பிக் கொடுத்தீர்களா? கடிதத்தில் இல்லை. நனைந்த புளி பூஞ்சை பிடிக்கும், வருஷத்துக்கு வைக்க முடியாது. ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை தட்டி அதைக் காயவைக்க எத்தனை நாள் ஆகும் என்று இந்த ஜில்லாவில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. கொட்டை எடுத்த புதுப் புளியாக, நனைந்த எடைக்கு மேல் ஒரு கிலோ சேர்த்து, இரண்டுபேருமாகப் போய்க் கொடுங்கள்.

பேச்சுவார்த்தைக்கு வருவோம். ‘சும்மா தமாஷுக்குத்தான் சொன்னேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள், என் வீட்டில் இருபத்தெட்டு வருஷமாகக் கேட்டுக் காது புளித்த வாக்கியம் அது. மாம்பழ சீசனில் உங்கள் அண்ணன் வீட்டு ஆட்கள் கண்டிப்பாக வருவார்கள், கிருஷ்ணகிரியில் வீடு வைத்துக்கொண்டு அதைத் தடுக்க முடியாது. அப்போது அதே ஆட்கள் முன்னால், அவரும் கூடத்தில் இருக்கும்போது, புளி ரசக் கதையை நீங்களே எடுங்கள். நாலரை மணியிலிருந்து ஆரம்பித்து, அவர் சொன்னதையும் நீங்கள் ‘ம்’ என்றதையும் அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டுங்கள். வளைகாப்புக் கதையைவிட இதுதான் நன்றாக இருக்கும், எனக்குத் தெரியும், நான் என் குக்கர் கதையை அப்படி இரண்டுபேரையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தபிறகு அவர் அதைச் சொல்வதையே விட்டுவிட்டார். பாத்ரூம் கதையைச் சொல்லலாமா என்று அவரைக் கேளுங்கள். துண்டு பகுதியை அவரே சொல்ல முன்வந்தால் குறுக்கே பேசாதீர்கள்.

அப்புறம் அந்த வாஷிங் மெஷின் போல்ட்டுகள். அதை மாட்டி மெஷினை ஏற்றிவந்தவர் தன் தொழில் தெரிந்தவர், அதை ஒருமுறையாவது அவரிடம் சொல்லுங்கள். பலபேர் மாட்டாமலே லாரியில் ஏற்றி, டிரம்மைத் தாங்குகிற ஸ்பிரிங்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மாட்டியதைக் கழற்றாமல் ஓட்டினால் டிரம்மின் ஆட்டம் முழுவதும் உடம்புக்கு வந்து, அறுபது எழுபது கிலோ மெஷினும் எழுந்து நடக்கும், அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கழற்றின போல்ட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள், அடுத்தமுறை மெஷினை நகர்த்தும்போது வேண்டும். இப்போது எழுந்துபோய் அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நீங்கள் பத்திரமாக எடுத்து வைத்திருப்பீர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.