வெயிலில் மங்கிய காபன் ஃபைபர் பொனற்றை மீட்க முடியுமா?

யாழ்ப்பாணத்தில் முற்றத்து வெயிலில் நின்ற காரின் பொனற் மஞ்சளித்து, பால் படிந்தது போலாகிவிட்டது, மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். புற ஊதாக் கதிர் கெடுப்பது பெரும்பாலும் மேலிருக்கும் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சையும், நாரைப் பிணைத்து வைக்கும் எப்பொக்சிப் பிசினையும்தான். உள்ளிருக்கும் காபன் நாருக்கு அது அவ்வளவாக ஒன்றும் செய்யாது.

கழுவி, மெழுகும் எண்ணெயும் போகத் துடைத்தபின் 400 இலக்க நீர்த்தாளால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), பின்பு 600, 800 என்று தேய்க்கவும். தேய்க்கும்போது வழியும் தண்ணீரின் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளையாக ஓடினால் கிளியர் கோட் கழல்கிறது. கறுப்பாக ஓடினால் நாரைத் தொட்டுவிட்டீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். அறுந்த நெசவு எந்தப் பூச்சிலும் மறையாது. விளிம்புகளில்தான் பலரும் பிழைவிடுகிறார்கள். அங்கே பூச்சு மெல்லியது. ஊசித் துளைகள் தெரிந்தால் எப்பொக்சியை மெல்லப் பூசி, இறுகியபின் மறுபடி தேய்க்க வேண்டும்.

பிறகு புற ஊதாத் தடுப்புள்ள, கடினமாக்கி கலக்கும் இருகூற்றுக் கிளியர் கோட்டை இரண்டு மூன்று முறை விசிறி அடியுங்கள். அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் என்ற இரசாயனம் நுரையீரலுக்குப் பகை; துணி முகக்கவசம் போதாது, இரசாயன ஆவிக்குரிய வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசமாவது வேண்டும்.

சோளகக் காற்று புழுதி அள்ளும் நாளிலும் மாரி ஈரத்திலும் வெளியில் அடிக்காதீர்கள். நான் ஒருமுறை அடித்து, மணலோடு சேர்த்து மெருகேற்றினேன்!

நார் பிரிந்து, தட்டினால் பொள்ளென்று ஒலித்தால் மட்டும் வேறு பொனற் தேடுங்கள்.