விதிப்படி நடந்த கணக்கு: தணிக்கையாளருக்கு நிரூபிப்பது எப்படி?

கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் கூட்டுறவுக் கழக உறுப்பினர்களின் வெகுமதிப் புள்ளிகளைத் தனியார் பிளாக்செயினில் பதிகிறோம். அன்றாடப் பரிமாற்றங்கள் விதிப்படி நடந்தன என்பதை, உறுப்பினர் விவரங்களை வெளியிடாமல் தணிக்கையாளருக்கு நிரூபிக்க எந்தத் திறந்த மூல மென்பொருள் ஏற்றது? மடிக்கணினி போதுமா?

பதில்: ரிஸ்க் ஜீரோ, எஸ்பி1 ஆகிய இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய சாதாரண நிரலை ரிஸ்க்-வி என்ற செயலி வகையின் கட்டளைகளாக மாற்றி, அது முறையாக ஓடியதற்கு இவை கணிதச் சான்று தருகின்றன. சர்க்கம் மொழியில், சரிபார்க்க வேண்டிய விதிகளைச் சமன்பாடுகளாகக் கையால் எழுதும் சுற்றுகள் விரைவானவை என்றாலும், ஒரு கட்டுப்பாடு விடுபட்டாலே பொய்க் கணக்குக்கும் சான்று கிடைத்துவிடும் என்பதால், சிறு குழுவுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

நிரலுக்குள் செல்ல வேண்டியவை முந்தைய நிலையின் மெர்க்கல் வேர் (எல்லாக் கணக்குகளையும் சுருக்கிக் காட்டும் ஒற்றைக் கைரேகை எண்), அன்றைய பரிமாற்றங்கள், அவை தொடும் கணக்குகளின் மெர்க்கல் கிளைகள் (ஒரு கணக்கு அந்த வேரில் அடங்கியதைக் காட்டும் எண்கள்). ஒவ்வொரு கிளையும் அந்த வேரோடு பொருந்துகிறதா என்று பார்த்து, கையொப்பத்தையும் இருப்பையும் சோதித்த பிறகே நிரல் புதிய வேரைக் கணக்கிட வேண்டும். முதல் சோதனையை எழுத மறந்தால், 50 புள்ளிகள் உள்ள கணக்கில் 5,000 இருப்பதாக உள்ளீடு கொடுத்தாலும் சான்று செல்லுபடியாகும். இந்த நிரல் ஓடி இந்த விடை வந்தது என்பதற்கு மேல் சான்று எதையும் சொல்வதில்லை. இரு வேர்களையும் பொது வெளியீட்டில் பதியுங்கள். இன்றைய தொடக்க வேர் நேற்றைய இறுதி வேரேதானா என்பதைத் தணிக்கையாளர் ஒப்பிட வேண்டும். மூல நிரலைத் தாமே தொகுத்து, கிடைக்கும் நிரல் அடையாளம் (தொகுத்த நிரலிலிருந்து கணக்கிடும் எண்) நீங்கள் தந்ததோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். திறந்த மூலம் உண்மையில் பயன்படுவது இங்கேதான்.

மடிக்கணினியைப் பொறுத்தவரை, முதலில் சான்று உருவாக்காமல் நிரலை ஓட்டி, எத்தனை சுழற்சிகள் (செயலியின் படிகள்) ஆகின்றன என்று பாருங்கள். நேரமும் நினைவகமும் அதைப் பொறுத்தே அமையும். 12 வினாடிக்கு ஒன்றாக வரும் எத்தீரியம் என்ற பொது பிளாக்செயினின் பிளாக்குகளை உடனுக்குடன் நிரூபிக்கப் பல ஜிபியுக்கள் (வரைகலைச் செயலிகள்) தேவைப்படும், ஆனால் உங்கள் கழகம் இரவு முழுவதும் காத்திருக்கலாம். ரிஸ்க் ஜீரோவின் 'டெவ் மோட்' தருவது போலிச் சான்று என்பதால், சோதனை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள்.

விவரங்களை மறைப்பது தனி வேலை. சான்று உருவாக்கும் கணினிக்கு எல்லாத் தரவும் தெரியும். வெளிச் சேவையிடம் ஒப்படைத்தால் அங்கும் தெரியும். எனவே, குறிப்பாகத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ஐ மனத்தில் கொண்டு, சொந்தக் கணினியிலேயே செய்யுங்கள். மென்பொருளின் பெயரில் 'ஸீகே' ('ஜீரோ நாலெட்ஜ்', அதாவது உள்ளீட்டை வெளிப்படுத்தாத சான்று) இருப்பதை மட்டும் நம்பாமல், நீங்கள் அனுப்பும் சான்று வகை உள்ளீட்டை மறைக்கிறதா என்று ஆவணத்தில் உறுதிசெய்யுங்கள். அடையாள அட்டை எண்ணை வெறுமனே ஹேஷ் செய்து (திரும்ப மாற்ற முடியாத சுருக்கக் குறியீடாக்கி) பதிவதும் வீண்: 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறப்பிடக் குறியீடு. அவ்விரண்டையும் அறிந்தவர் 10,000 எண்களை முயன்றாலே உறுப்பினரைக் கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நீண்ட தற்செயல் எண் ஒன்றை உருவாக்கி, அதையே கணக்கு அடையாளமாக வையுங்கள்.