வெடிக்காத குண்டும் ஓர் ஆர்க்கிடெக்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டாம் உலகப்போரில், வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்ய பிரிட்டிஷ் ராணுவம் சிவில் இன்ஜினியர்களையும் ஆர்க்கிடெக்டுகளையும் அதிகாரிகளாக்கியது ஏன்?
(வாசகர், கரூர்)

பதில்: அதில் பாதி மண்வேலை. விமானத்திலிருந்து விழும் குண்டு பூமியைத் துளைத்துக்கொண்டு பல அடி ஆழம் இறங்கும். போகிற வழியில் வளைந்து, துளைக்கு நேர் கீழே இல்லாமல் தள்ளிப்போய்க் கிடக்கும். குழி தோண்டி, பக்கம் சரியாதபடி பலகை அடித்து முட்டுக்கொடுத்துத்தான் அதை எட்ட முடியும். குண்டு கண்ணில் பட்டதும் ஆட்களைத் தூர அனுப்பிவிட்டு அதிகாரி மட்டும் குழிக்குள் இருப்பார்.

கேள்வி: குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸைக் கழற்றிவிட்டால் வேலை முடிந்ததுதானே?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: எந்த ஃபியூஸ் என்பதைப் பொறுத்தது. ஜெர்மன் ஃபியூஸின் தலையில், வட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். 15 என்றால் மோதியதும் வெடிப்பது. உள்ளே கண்டன்சரில் மின்சாரம் இருக்கும். தலையிலுள்ள இரண்டு ஊசிகளை அழுத்தி மின்சாரத்தை வடித்துவிட்டுக் கழற்றலாம். 17 கடிகார ஃபியூஸ்: 72 மணி நேரம் வரை தாமதிக்கும். நின்றுபோன கடிகாரம் தோண்டும் அதிர்வில் மறுபடி ஓடத் தொடங்குவதும் உண்டு. 50 என்றால் லேசாக அசைந்தாலே வெடிக்கும். ஒரே குண்டில் 17-ம் 50-ம் சேர்ந்திருந்தால்? காத்திருக்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. குண்டைச் செய்தவன் குறிவைத்தது ஊரை மட்டுமல்ல, குழிக்குள் இறங்குபவரையும்தான்.

இதில் மோசமானது சூஸ்-40 என்ற பொறி, ஃபியூஸைக் கழற்றுபவரைக் கொல்லவே வைத்தது. ஃபியூஸுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஃபியூஸை உருவியதும் அதன் ஸ்பிரிங் ஊசி விடுபட்டு அடிக்கும். இதில் சிக்கியவர் எதனால் செத்தார் என்று சொல்லத் தடயமே மிஞ்சாது.

அதை முழுதாக வெளியே கொண்டுவந்தவர் ஸ்டூவர்ட் ஆர்ச்சர். தொழிலில் ஆர்க்கிடெக்ட், அப்போது 25 வயது. 1940 செப்டம்பரில், வேல்ஸின் லாண்டார்சி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், எரிந்துகொண்டிருந்த டாங்குகளுக்கு நடுவே வேலை. முன்பக்கம் ஃபியூஸை உருவாமல், வால்பக்கமாக வெடிமருந்தைச் சுரண்டியெடுத்து, ஃபியூஸ் பொருந்தியிருந்த குழாயையே அப்படியே பிடுங்கினார். சூஸ்-40 அதற்குள் இருந்தது. நிபுணர்கள் பிரித்துப் பார்க்க ஒரு மாதிரி கிடைத்தது அப்படித்தான். என்னைக் கேட்டால், தைரியத்தைவிட அந்த வால்பக்க யோசனைதான் பெரிது.

கேள்வி: போருக்குப் பின் அவர்?
(வாசகர், ஆம்பூர்)

பதில்: 1941-ல் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்றார், போர் முடிந்ததும் கட்டட வரைபடங்களுக்கே திரும்பினார். 2015-ல் நூறு வயதில் காலமானார்.