பிராமன் கிடேரி 15 மாதத்தில் சினை பிடிக்கவில்லை என்றால்

இதை வைத்து பிராமன் என்ற இந்த இறைச்சி மாட்டு இனமே சரியில்லை என்று முடிவு கட்டாதீங்க. பக்கத்துப் பண்ணையில் ஆங்கஸ் என்ற ஐரோப்பிய இறைச்சி இனக் கிடேரி 15 மாதத்தில் சினையாகும். பிராமன் பருவத்துக்கு வரவே பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயது ஆகிவிடும். அந்த இனத்தின் பெரிய பலவீனமே இதுதான்.

அதையும் தாண்டித் தள்ளிப்போனால் நான் முதலில் சந்தேகப்படுவது பாஸ்பரஸ் குறைவு. நீங்க இருக்கிற ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்து மண்ணில் பல இடங்களில் அது போதாது. மேயும்போது கவனிங்க: கிடேரி காய்ந்த எலும்பைக் கவ்வி, எச்சில் ஒழுக மென்றுகொண்டு நிற்கிறதா? அப்படியானால் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்க. எலும்புகளை உடனே அப்புறப்படுத்துங்க. அதிலிருந்து பொட்டுலிசம் (பாக்டீரியா நஞ்சால் வரும் வாதநோய்) வந்தால் மாடு பிழைப்பது அரிது.

எடையும் போட்டுப் பாருங்க. உங்க பசு 500 கிலோ என்றால், கிடேரி 300 கிலோ தாண்டிய பிறகே காளையோடு விடுங்க.

உண்ணியையும் வெயிலையும் தாங்குவது பிராமனின் பலம். நம்ம ஓங்கோல், கிர் மாடுகளின் ரத்தமாச்சே! அதனால் முழு ஆங்கஸுக்கு மாறாதீங்க. பிராமன் இறைச்சி சற்றுக் கடினம் என்பது உண்மை. அதற்கு ஆங்கஸோடு சேர்த்துக் கலப்புக் கன்று எடுக்கலாம்.

கடைசியாக ஒன்று: நல்ல எடையோடு இரண்டரை வயது தாண்டியும் பருவத்துக்கு வராத கிடேரியை மட்டும் கழித்துவிடுங்க.