மூன்று ஊர், ஒரு கூட்டம்

அன்புள்ள அக்கா,

கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் புரொஜெக்ட் மனேஜராக இருக்கிறேன். டீமில் பாதிப்பேர் இங்கே, மற்றவர்கள் லண்டனிலும் மெல்பேர்ணிலும். வாராந்தக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் ஆளுக்கொரு விதமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்று லண்டன் மேலாளர் குறைப்படுகிறார். இவர்களைப் பேச வைப்பது எப்படி?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

முதலில் எழுத வையுங்கள். நம் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலத்தில் எழுத நன்றாகவே வரும். வேகமாகப் பேசும் நாலு பேருக்கு நடுவில் புகுந்து சொல்லத்தான் தயக்கம். அதிலும் பெரியவர் முன்னால் 'இந்தத் திகதிக்குள் முடியாது' என்பது மரியாதைக் குறைவு என்று கேட்டு வளர்ந்தவர்கள். அதைத் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

பேசப்போகும் விஷயத்தை முதல் நாளே ஒரு பக்கத்தில் அனுப்புங்கள். அதன் கீழே எல்லோரும், லண்டன் மேலாளரும் கூட, சந்தேகங்களை எழுதட்டும். கூட்டம் அங்கிருந்தே தொடங்கட்டும். டெஸ்டிங் செய்யும் பிள்ளை, 'பணம் திருப்பிக் கொடுக்கும் பகுதிக்குச் சோதனைத் தரவு இன்னும் வரவில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதை நீங்களே வாசித்து, "யார் தர வேண்டும், எப்போது வரும்?" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை பேச்சைத் தொடக்கிவைக்க வேண்டியதில்லை, விளக்கம் சொன்னால் போதும். அது பெரும்பாலும் எல்லோருக்கும் வரும்.

"எல்லாருக்கும் விளங்கியதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "நாளைக்கு எதை முதலில் தொடங்குவீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஆளுக்கொரு விதம் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். கூட்டம் முடிந்த கையோடு என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் திகதி என்று நாலு வரி அனுப்புங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்றால் லண்டனில் ஏப்ரல் 3, அமெரிக்கர் பார்த்தால் மார்ச் 4.

அப்புறம் நேரம். நீங்கள் அதைச் சொல்லவேயில்லை, எனக்கோ பாதிச் சிக்கல் அதில்தான் என்று படுகிறது. லண்டன் காலை 9 மணிக் கூட்டம் ஜூலையில் நமக்குப் பகல் 1.30, மெல்பேர்ணில் மாலை 6. நம் மணிக்கூடு வருடம் முழுக்க அசையாது. மெல்பேர்ண் ஒக்டோபர் முதல் ஞாயிறு ஒரு மணி முன்னே போகும், லண்டன் அதே மாதக் கடைசி ஞாயிறு ஒரு மணி பின்னே வரும். டிசம்பரில் அதே கூட்டம் நமக்கு 2.30, மெல்பேர்ணில் இரவு 8. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டே கேட்பவர் தலையாட்டாமல் வேறென்ன செய்வார்? அந்த மாதங்களில் கிழமை விட்டுக் கிழமை லண்டன்காரர் காலை 7க்கு வரட்டும். மெல்பேர்ணுக்கு அது மாலை 6, நமக்கு 12.30. மாதாமாதம் வரும் நம் போயா (பௌர்ணமி) விடுமுறைகளையும் ஜனவரியிலேயே இரண்டு ஊருக்கும் அனுப்பிவிடுங்கள். கடைசி நேரத்தில் 'நாளைக்கு லீவு' என்றால் யாருக்கும் கோபம் வரும்.

இந்த ஒழுங்கை லண்டன் மேலாளரிடம் நீங்களே பேசிச் சொல்லுங்கள். முதல் நாள் அனுப்பும் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் எழுதியவர் பெயர் இருக்கட்டும். வாயே திறப்பதில்லை என்று யாரைச் சொன்னாரோ, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர் பார்க்கட்டும்.